சுவர் இருக்கும்போதே சித்திரத்தைப் பேசுங்கள்: உள்ளலங்கார வடிவமைப்பாளரும் கலை ஆலோசகரும்

சென்னையில் சொந்தமாக உள்ளலங்கார நிறுவனம் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் செய்துகொண்டிருக்கும் ஒரு வீட்டுக்கு, வீட்டுக்காரர்கள் தாங்களாகவே ஒரு கலை ஆலோசகரை அழைத்து வரப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓவியமும் சிற்பமும் தேடிக் கொடுப்பது இதுவரை தம்முடைய வேலையாகவே இருந்து வந்ததால், இனித் தம் பங்கு என்ன, கருத்து வேறுபட்டால் யார் சொல் செல்லும், கேலரிகள் தரும் கமிஷன் யாரைச் சேரும், ஆலோசகரை எந்தக் கட்டத்தில் வேலைக்குள் கொண்டுவருவது என்று அவர் கேட்கிறார். முதலில் உள்ளலங்காரத் துறையிலும் பிறகு கலை ஆலோசனையிலும் பணியாற்றியவன் என்ற முறையில், இரண்டு பக்கத்து நியாயத்தையும் அறிந்தவனாக இதை எழுதுகிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற மூன்று சிக்கல்களில் பாதி அதற்குச் சரியான பதில் கிடைத்தாலே தீர்ந்துவிடும். எலக்ட்ரிக்கல் டிராயிங் முடிவாவதற்கு முன்பே ஆலோசகர் உங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. பெயின்ட் இரண்டாவது கோட் முடிந்து, சோபா வந்து இறங்கி, கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் சுவர் வெறுமையாக இருக்கிறதே என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. அதற்குள் வீட்டின் மிக நல்ல சுவரின் நடுவில் ஸ்விட்ச் போர்டு உட்கார்ந்துவிடும், அடுத்த சுவரை ஏசி எடுத்துக்கொண்டிருக்கும், மூன்றாவதில் டிவி. எஞ்சிய இடத்துக்கு எஞ்சிய பணத்தில் ஏதாவது தேடுங்கள் என்று கேட்டால், எவ்வளவு திறமையான ஆலோசகராலும் இட்டு நிரப்பத்தான் முடியுமே தவிர, அந்த வீட்டுக்கு உரிய ஒரு படைப்பைக் கொண்டுவர முடியாது.

பணத்தைப் பற்றியும் இதே கட்டத்தில் பேசிவிட வேண்டும். மும்பை கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கட்டடம் 1962-இல் திறந்து வைக்கப்பட்டது. அதைக் கட்டும் காலத்தில், அந்த நிறுவனத்தைத் தொடங்கியவரும் தாமே ஓவியராகவும் இருந்தவருமான ஹோமி பாபா, கட்டடச் செலவில் 1 சதவீதத்தைக் கலைக்கென ஒதுக்கப் பிரதமர் நேருவிடம் அனுமதி பெற்றார். எம். எஃப். ஹுசைனின் பெரிய சுவரோவியம் அங்கே முகப்புக் கூடத்தில் இடம்பெற்றதும், இந்திய நவீன ஓவியங்களின் குறிப்பிடத்தக்க தொகுப்பு ஒன்று ஓர் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்ததும் அதனால்தான். தனி வீட்டுக்கு எத்தனை சதவீதம் என்று நான் சொல்லமாட்டேன். அது வீட்டுக்காரரின் விருப்பத்தையும் வசதியையும் பொறுத்தது. ஆனால் மதிப்பீட்டுப் பட்டியலில் கலைக்கென ஒரு தனி வரியும் அதற்கெதிரே ஒரு தொகையும் முதல் நாளிலேயே இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் இத்தாலிய மார்பிளும் மாடுலர் கிச்சனும் அந்தத் தொகையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிடும். இந்த வரியைச் சேர்க்க வேண்டியவர் நீங்கள்தான். ஆலோசகர் வரும்போது பட்டியல் பெரும்பாலும் உருவாகியிருக்கும்.

ஆரம்பத்திலேயே வரவேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கான காரணத்தை வெளிச்சத்தை வைத்தே காட்டலாம். ஃபால்ஸ் சீலிங் தரையிலிருந்து ஒன்பதரை அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரில் மாட்டும் ஓவியத்தின் நடுப்பகுதி கண்மட்டத்தில், அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ 58 அங்குலத்தில் அமைவது வழக்கம். ஸ்பாட்லைட் செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகைச் சாய்வில் ஓவியத்தின் நடுவில் விழுந்தால், ஃப்ரேமின் நிழலும் அதிகம் விழாது, பார்ப்பவரின் நிழலும் படாது, கண்ணாடியில் பளபளப்பும் குறையும். இந்தக் கணக்கின்படி விளக்கு சுவரிலிருந்து சுமார் 2 அடி 8 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். சுவரை ஒட்டி ஓர் அடியில் வரிசையாக டவுன்லைட் போட்டுவிட்ட வீடுகளில், ஓவியத்தின் மேல் விளிம்பு மட்டும் எரிவதுபோல் தெரிந்து, கீழ்ப்பாதி இருண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதைப் பின்னால் சரிசெய்ய ஜிப்சம் போர்டை வெட்டித்தான் ஆக வேண்டும். எந்தச் சுவரில் படைப்பு வரும், எத்தனை அகலம், தட்டையானதா புடைப்பானதா என்ற மூன்று செய்திகள் ஆலோசகரிடமிருந்து முன்பே கிடைத்தால், விளக்கின் இடத்தையும் அதற்குத் தனி ஸ்விட்சையும் டிம்மரையும் நீங்கள் வரைபடத்திலேயே வைத்துவிடலாம். எந்த ஓவியம் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இடம் உறுதியானால் பெரும்பாலும் அவ்விடத்தில் ஒரு ட்ராக் போட்டு வைத்தாலே போதும். பிறகு விளக்கை நகர்த்திக்கொள்ளலாம்.

வெளிச்சத்தின் அளவும் பொருளுக்குப் பொருள் மாறும். காகிதத்தில் தீட்டிய நீர்வண்ணம், அச்சுப் படிவம், துணியில் செய்த வேலை ஆகியவற்றுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவை வரம்பாகக் கொள்கின்றன. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை போகலாம். ஒரு வரவேற்பறையை அருங்காட்சியகமாக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் கடலைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் காகித ஓவியத்தை மாட்டக்கூடாது என்று ஆலோசகர் சொன்னால், அது பிடிவாதம் அன்று. ஓவியர் ஆதிமூலத்தின் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் ஒன்றை வாங்கியவர், அதன் காகிதம் சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிட்டது என்று வருந்தும்போது உங்களையும்தான் நினைப்பார். வண்ணத் துல்லியக் குறியீடு, விளக்குக் கடையில் சிஆர்ஐ என்று சொல்வது, 90-க்கு மேல் உள்ள விளக்குகளையே ஓவியங்களுக்குப் பயன்படுத்துங்கள். விலை வித்தியாசம் சிறிதுதான், சிவப்பும் காவியும் உயிரோடு தெரிவதில் உள்ள வித்தியாசமோ பெரிது.

சுவரைப் பற்றியும் இதே அளவு கவனம் வேண்டும். தேக்கு ஃப்ரேமும் கண்ணாடியும் போட்ட நான்கடித் தஞ்சாவூர் ஓவியத்தை ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. அதை வெறும் ஜிப்சம் போர்டு தடுப்பில் ஆணியடித்து மாட்டுவது ஆபத்து. சுவருக்குள் 18 மில்லிமீட்டர் பிளைவுட் வைத்து மூடிவிடுங்கள் என்று கார்பென்டரிடம் சொல்வதற்கு, தடுப்பு எழும் நாளில் ஒரு நிமிடம் போதும். அதே வேலையைப் பிறகு செய்வதென்றால் வால்பேப்பரைக் கிழிக்க வேண்டியிருக்கும். நீங்கள் செய்யும் வீடு கடற்கரைச் சாலையில் இருப்பதால் ஈரத்தையும் உப்புக் காற்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு முழுவதும் ஏசி ஓடி, பகலில் ஜன்னல் திறந்திருக்கும் படுக்கையறையில் ஈரப்பதம் நாள்தோறும் ஏறி இறங்குவதால் கேன்வாஸ் தளர்ந்து விறைத்து, நாளடைவில் வண்ணப்பூச்சு விரிசல் காணும். தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப் பூச்சின் மேல் ஒட்டிய தங்க ரேக்கு எழும்பும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் படைப்புகளுக்கு ஆகா. வேறு வழியில்லை என்றால் ஃப்ரேமின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோட விரலளவு இடைவெளி விட வேண்டும். எந்த வெளிச்சுவரில் ஓதம் ஏறும் என்பது சைட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும், ஆலோசகருக்குத் தெரியாது. இந்தத் தகவலை அவர் கேட்காமலேயே நீங்கள் கொடுத்தால், அவரது நம்பிக்கையை முதல் வாரத்திலேயே பெற்றுவிடுவீர்கள்.

சிற்பம் பற்றி ஒரு செய்தி. நீங்கள் வேலை செய்யும் அதே சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், கே. சி. எஸ். பணிக்கரும் சென்னைக் கலைப் பள்ளியைச் சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றே அவர்கள் தங்கள் ஓவிய வாழ்க்கையைத் தாங்கிக்கொண்டார்கள். வீட்டு அலங்காரத்தையும் தனிக்கலையையும் எதிரெதிராக நிறுத்தாத ஒரு மரபு நம் ஊரிலேயே இருந்தது என்பதை உள்ளலங்காரத் துறையினர் பெருமையோடு நினைவில் கொள்ள வேண்டும். இந்த வட்டத்திலிருந்து வந்த பி. வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் போன்றோரின் உலோகச் சிற்பங்களில் பல, கோயில் கவசங்களையும் திருவாசிகளையும் போல முன்புறமிருந்து பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அப்படிப்பட்ட ஒன்றைக் கூடத்தின் நடுவில் பீடத்தில் நிறுத்தி நான்கு பக்கமும் சுற்றிவர வைப்பது அந்தப் படைப்புக்குப் பொருந்தாது. சுவரை ஒட்டி நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி விட்டால் தகட்டின் ஒவ்வொரு மடிப்பும் கம்பி வேலையும் எழுந்து தெரியும். இது வடிவமைப்பாளரின் தரைவரைபடத்தை மாற்றக்கூடிய அறிவு, ஆலோசகரிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியதும் இப்படிப்பட்ட அறிவைத்தான். கடற்காற்றில் செம்பு எவ்வளவு வேகமாகக் கறுக்கும், அந்தக் கறுப்பு விரும்பத்தக்கதா தடுக்கத்தக்கதா என்பதையும் அவரிடம் கேளுங்கள்.

ஆலோசகருக்கு நீங்கள் என்ன கொடுக்க வேண்டும் என்று பார்ப்போம். பலர் குஷன் துணியின் மாதிரியையும் பெயின்ட் கேட்லாக் எண்ணையும் அனுப்பி, இந்த நிறத்துக்கு ஏற்ற ஓவியம் வேண்டும் என்று கேட்கிறார்கள். துணி ஐந்து ஆண்டில் மாறிவிடும். ஓவியம் இரண்டு தலைமுறை இருக்கும். நிறத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதுவே தொடக்கமாக இருக்கக்கூடாது. தரைவரைபடம், சுவர்களின் நேர்க்காட்சி வரைபடங்கள், ஜன்னல்களின் திசை, சீலிங் உயரம், வாசலில் நுழைந்தவுடன் கண் முதலில் எங்கே போகும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் எதிரே என்ன தெரியும், ஒவ்வொரு இடத்திலும் பார்ப்பவருக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்ற குறிப்புகள், இவைதான் ஆலோசகருக்கு உதவும். குறுகிய நடைவழியில் எட்டடி ஓவியத்தை மாட்டினால் அதை முழுதாகப் பார்க்கப் பின்வாங்க இடமிருக்காது. அங்கே நெருங்கி நின்று பார்க்கும் சிறிய கோட்டோவியங்களும் செதுக்கு அச்சுகளும்தான் பொருந்தும்.

வீட்டாரைப் பற்றிய செய்திகளும் முக்கியம். சிறு குழந்தைகள் ஓடியாடும் வீடா, தினமும் ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைக்கும் பழக்கம் உண்டா, மூத்தவர்கள் வாஸ்து பார்ப்பார்களா, போர்க்காட்சியோ அழும் உருவமோ அஸ்தமனமோ கூடாது என்பார்களா, நிர்வாண உருவம் சங்கடம் தருமா, பூஜையறைக்குப் பக்கத்துச் சுவரில் எது வரலாம் என்பதையெல்லாம் இவ்வளவு மாதம் பழகிய நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆலோசகர் அறிந்திருக்க மாட்டார். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, அவர் கொண்டுவந்த படத்தைப் பாட்டியம்மா நிராகரிக்கும்போது மௌனமாக இருப்பது நல்ல தொழில் உறவு அன்று. ரசனையை அறிய இன்னொரு எளிய வழியும் உண்டு. எதையும் வாங்குவதற்கு முன், வீட்டுக்காரர்களையும் ஆலோசகரையும் அழைத்துக்கொண்டு சோழமண்டலத்தில் உள்ள மெட்ராஸ் இயக்க அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்கும் ஒருநாள் போய்வாருங்கள். எந்தப் படைப்பின் முன் அவர்கள் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும். கேள்வித்தாள் எதுவும் தேவைப்படாது.

இனி, யார் சொல் செல்லும் என்ற கேள்வி. என் கருத்து தெளிவானது. இடம், அளவு, எடை, பாதுகாப்பு, வெளிச்சம் ஆகியவற்றில் உங்கள் சொல் இறுதியானதாக இருக்க வேண்டும். கலைஞர், படைப்பின் தரம், விலையின் நியாயம், படைப்பின் உடல்நிலை ஆகியவற்றில் ஆலோசகரின் சொல் இறுதியானதாக இருக்க வேண்டும். பிடிக்கிறதா இல்லையா என்பதை வீட்டில் வாழப்போகிறவர்கள் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். எனக்கு இந்த ஓவியரைப் பிடிக்கவில்லை என்று வடிவமைப்பாளர் தடுப்பதும், இந்த ஓவியத்துக்காகச் சோபாவை மாற்றுங்கள் என்று ஆலோசகர் வீட்டுக்காரரிடம் நேரடியாகச் சொல்வதும் எல்லை மீறல்கள். இருவருக்கும் மாறுபாடு இருந்தால் அதை வீட்டுக்காரர் முன்னிலையில் வெளிப்படுத்தக்கூடாது. ஒவ்வொரு தேர்வுக் கூட்டத்துக்கும் முன்னால் நீங்கள் இருவரும் தனியாகச் சந்தித்துப் பேசிவிட்டு, ஒரு சுவருக்கு மூன்றுக்கு மேற்படாத தேர்வுகளோடு ஒரே குரலில் அவர்கள் முன் போங்கள். முப்பது படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி எது வேண்டும் என்று கேட்பது ஆலோசனை ஆகாது. அந்தப் படங்களில் அளவு தெரியாது, பூச்சின் தடிமன் தெரியாது, பளபளப்பா மங்கலா என்பதும் தெரியாது.

அளவைப் பற்றிய விவாதம் சைட்டில்தான் தீரும். பிரவுன் பேப்பரை ஒட்டி ஓவியத்தின் சரியான அளவுக்கு வெட்டி, ஃப்ரேமின் அகலத்தையும் சேர்த்து, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரு வீட்டில் படிக்கட்டுச் சுவருக்கு மூன்றடி அகல ஓவியம் போதும் என்பதில் வடிவமைப்பாளரும் வீட்டுக்காரரும் உறுதியாக இருந்தார்கள். மூன்றடிக் காகிதத்தை ஒட்டிவிட்டு முதல் மாடிக்கு ஏறி இறங்கச் சொன்னேன். கீழிருந்து பார்க்கும்போது அது அந்த உயரமான சுவரில் ஒரு தபால்தலையளவில் தெரிந்தது. ஏறும்போதோ பாதி வழியில் அதன் மேல்விளிம்பு முழங்கால் மட்டத்துக்குப் போனது. ஐந்தடி உயரக் காகிதத்தை இரண்டடி மேலே தள்ளி ஒட்டியதும் எவரும் வாதிட வேண்டியிருக்கவில்லை. காகிதத்தைச் சில நாள் அப்படியே விட்டுவைத்தால், வேலையாட்கள்கூட அது பெரிது, இது சிறிது என்று கருத்துச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், அந்தக் கருத்துகளும் கேட்கத்தக்கவை.

கமிஷன் விஷயத்தை மறைக்காமல் பேசிவிடுகிறேன். நம் ஊர் உள்ளலங்காரத் தொழிலில் டைல்ஸ் கடை முதல் திரைச்சீலைக் கடை வரை வடிவமைப்பாளருக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. கேலரிகளும் அப்படித் தருவதுண்டு. ஆலோசகரின் வருமானமோ மூன்று வழிகளில் வரலாம்: வீட்டுக்காரர் தரும் நிர்ணயக் கட்டணம், வாங்கும் படைப்புகளின் மொத்த விலையில் ஒரு சதவீதம், விற்பவரிடமிருந்து பெறும் தரகு. மூன்றில் எது இருந்தாலும் அது எழுத்தில் இருந்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் குற்றமில்லை. ஆபத்து எங்கே என்றால், ஆலோசகர் வீட்டுக்காரரிடமும் கேலரியிடமும் இருபுறமும் வாங்கும்போதும், வடிவமைப்பாளர் அதே கேலரியிடம் தனியாகக் கைநீட்டும்போதும்தான். அந்தச் சுமை முழுவதும் ஓவியத்தின் விலையில் ஏறுகிறது, சில வேளைகளில் கலைஞருக்குச் சேரவேண்டிய பங்கிலிருந்தும் குறைகிறது. ஓவியத்தின் விலை டைல்ஸ் விலை போன்றதன்று; வீட்டுக்காரர் நாளை அதே ஓவியரின் வேறொரு படைப்பின் விலையை விசாரிப்பார், காப்பீட்டுக்காக மதிப்பீடு கேட்பார். அப்போது வெளிப்படும் முரண்பாடு உங்கள் பெயரைத்தான் கெடுக்கும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது இதுதான். ஆலோசகருக்கு வீட்டுக்காரரே கட்டணம் கொடுக்கட்டும். கேலரி தரும் சலுகை முழுவதும் பில்லிலேயே கழிந்து வீட்டுக்காரரைச் சேரட்டும். கலைத் தேர்வுக்காக நீங்கள் செலவிடும் நேரத்துக்கு, அதாவது வரைபடத் திருத்தம், விளக்கு, சுவர் வலுவூட்டல், மாட்டும் நாளின் மேற்பார்வை ஆகியவற்றுக்கு, ஒருங்கிணைப்புக் கட்டணம் என்று வெளிப்படையாக ஒரு தொகையைக் கேளுங்கள். இதுவரை கமிஷனாக வந்த வருமானம் போகிறதே என்ற உங்கள் கவலை நியாயமானது. அந்த வேலைக்கு ஊதியம் கிடைக்கத்தான் வேண்டும். அதைக் கேட்கத் தயங்குவதால்தான் அது பின்வாசல் வழியாக வருகிறது. ஆலோசகரை நீங்களே பரிந்துரைத்தால், அதற்காக அவரிடம் எதுவும் பெறவில்லை என்றோ, பெறுவதாக இருந்தால் எவ்வளவு என்றோ மூவரும் கையெழுத்திடும் ஒரு பக்கக் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

எந்த ஏற்பாடாக இருந்தாலும், படைப்பின் பில் வீட்டுக்காரரின் பெயரில் நேரடியாக இருக்க வேண்டும். மொத்த உள்ளலங்காரப் பில்லுக்குள் சுவர் அலங்காரம் என்று ஒரு வரியாக ஓவியத்தைச் சேர்த்துவிடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். கலைஞரின் பெயர், தலைப்பு, ஆண்டு, அளவு, எதில் எதைக் கொண்டு செய்யப்பட்டது என்ற விவரம் உள்ள பில்லும், கலைஞரோ கேலரியோ கையெழுத்திட்ட உண்மைத்தன்மைச் சான்றிதழும்தான் நாளை அந்தப் படைப்பின் வரலாற்றை நிறுவும் ஆவணங்கள். அவை இல்லாத அசல்கூட விற்கும் நாளில் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பழம்பொருள்களில் இந்த எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் பழைய செட்டிநாட்டுப் பொருள்களை வடிவமைப்பாளர்கள் நேரடியாக வாங்கிவருவது எல்லோரும் அறிந்ததே. எனாமல் பாத்திரத்துக்கும் பழைய கண்ணாடிப் படத்துக்கும் அது நல்ல இடம். ஆனால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள சிற்பமும் ஓவியமும் தொல்பொருள்கள். அவற்றை விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பவும் முடியாது. கோயில் கற்சிலையோ வெண்கலமோ எங்கிருந்து வந்தது என்ற தாள் இல்லாமல் ஒருவர் மலிவாகத் தருகிறார் என்றால், அதை வீட்டுக்குள் கொண்டுவரும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் சிலைக் கடத்தல் தடுப்புக்கென்றே காவல்துறையில் தனிப்பிரிவு இயங்குவது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுக்காரர் ராஜா ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய் போன்றோரின் அசலை இங்கே வாங்கிப் பிறகு அங்கே எடுத்துச் செல்ல நினைத்தால், இவர்களின் படைப்புகள் கலைப் பொக்கிஷங்கள் என அறிவிக்கப்பட்டவை என்பதால் அது நடக்காது என்று ஆலோசகர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் அவர் தம் வேலையைச் செய்யவில்லை.

பதிப்புரிமை பற்றி வடிவமைப்பாளர்கள் அதிகம் கவனிப்பதில்லை. கேலரியில் ஓவியத்தை வாங்குபவர் அந்தப் பொருளை வாங்குகிறார். அதை நகலெடுக்கும் உரிமையை வாங்குவதில்லை. ஓவியத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கம்பளமாக நெய்யவோ, கண்ணாடித் தடுப்பில் அச்சிடவோ கலைஞரின் அனுமதி வேண்டும். கேட்டுச் செய்விக்கும் படைப்புகளில் நிலை வேறு: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பணம் கொடுத்து ஒருவர் தமக்கென வரையச் செய்த ஓவியத்தின் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் செய்தவரே என்கிறது, சிற்பம் அந்த வரியில் குறிப்பிடப்படவில்லை. இந்த வேறுபாடு பின்னாளில் சச்சரவாக மாறாமலிருக்க, எந்தப் படைப்பாக இருந்தாலும் நகல் உரிமை யாருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது.

உரிமை யாரிடம் இருந்தாலும், படைப்பைச் சிதைப்பதற்கு எதிரான கலைஞரின் உரிமை 57-ஆம் பிரிவின்படி அவரிடமே இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனுக்காக 1957-இல் அரசு கேட்டு சிற்பி அமர்நாத் சேகல் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பம், 1979-இல் கட்டடச் சீரமைப்பின்போது அவருக்குத் தெரிவிக்காமலேயே பெயர்க்கப்பட்டுக் கிடங்கில் சேதமடைந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. அந்தச் சேதம் போரிலோ வெள்ளத்திலோ நேர்ந்ததன்று. நாம் அன்றாடம் செய்யும் சீரமைப்பு வேலையில் நேர்ந்தது. பழைய ஓட்டலையோ அலுவலகத்தையோ புதுப்பிக்கும் வேலை உங்களுக்கு வந்தால், சுவரில் பதித்த மொசைக்கையும் புடைப்புச் சிற்பத்தையும் உடைக்க உத்தரவிடுவதற்கு முன் ஆலோசகரை ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள்.

புதிதாக ஒன்றைச் செய்விக்கும்போது, கலைஞரை வீட்டுக்கு அழைத்து வந்து இடத்தைக் காட்டியே ஆக வேண்டும், அந்த இடம் எதற்குப் பயன்படப் போகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் சீகிராம் கட்டடத்தில் ஃபிலிப் ஜான்சன் வடிவமைத்த ஆடம்பர உணவகத்துக்காக 1958-இல் ஓவியங்கள் தீட்ட ஒப்புக்கொண்ட மார்க் ராத்கோ, பல ஓவியங்களை முடித்தபின், அங்கே ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகினார். அந்த ஓவியங்களில் ஒரு பகுதி பின்னர் லண்டன் டேட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. உணவகத்துக்கு அவை கிடைக்கவேயில்லை. கலைஞருக்கு மூன்று முதல் ஆறு மாதம் கொடுங்கள். முன்பணம், முன்வரைவுக்கு ஒப்புதல், இறுதித் தொகை என்று மூன்று கட்டமாகப் பணம் கொடுங்கள். ஒப்புதலான முன்வரைவில் நீலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்று பிறகு கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

மருத்துவமனை, அலுவலகம், ஓட்டல் போன்ற இடங்களில் அடிப்படை இதுவே என்றாலும் அளவு மாறும். நூறு அறைக்கு நூறு அசல் வாங்க முடியாது. கலைஞர் எண்ணிட்டுக் கையெழுத்திட்ட அச்சுப் படிவங்கள், திருட முடியாதபடி பூட்டும் கொக்கிகள், மருந்து நீரால் துடைக்கத்தக்க பரப்பு ஆகியவை அங்கே முன்னுக்கு வரும்.

மாட்டும் நாளில் நீங்கள் இருவருமே சைட்டில் இருக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போதே படைப்பின் முன்புறம், பின்புறம், மூலைகளைப் படமெடுத்து, ஏற்கெனவே உள்ள கீறல் எது என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டுவிட்டால், பின்னால் தெரியும் கீறலுக்கு யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பெயின்டர், கார்பென்டர், ஏசி மெக்கானிக் ஆகிய அனைவரின் வேலையும் முடிந்து, வீடு ஒருமுறை முழுதாகத் துடைக்கப்பட்ட பிறகே ஓவியங்கள் உள்ளே வரவேண்டும். மரத்தூளும் பாலிஷ் வாடையும் உள்ள வீட்டில் கேன்வாஸை ஒரு வாரம் சாத்தி வைப்பதைவிடக் கேலரியின் கிடங்கில் இன்னும் ஒரு மாதம் வைப்பது மேல். சாவி கொடுக்கும்போது, எந்தப் படைப்பை எதைக் கொண்டு துடைக்கலாம் என்ற ஒரு தாளையும் கொடுங்கள். தமிழில் எழுதிக் கொடுத்தால், தினமும் துடைக்கப்போகும் பணியாளரும் அதைப் படிப்பார்.

கடைசியாக, வீட்டுக்காரர் அழைத்துவரும் ஆலோசகர் தகுதியானவர்தானா என்று எப்படி அறிவது? இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் உரிமமோ பதிவோ கிடையாது. எவரும் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் சந்திப்பில் அவரிடம் முன்பு முடித்த ஒரு வேலையின் ஆவணக் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். விலையை மறைத்துவிட்டுக் காட்டினாலும் போதும். சான்றிதழும், மாட்டுவதற்கு முன் எடுத்த நிலைக்குறிப்பும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே கேலரியின் ஓவியர்களை மட்டுமே அவர் முன்வைக்கிறாரா என்றும் கவனியுங்கள். பிறகு உங்கள் எலக்ட்ரிக்கல் டிராயிங்கை அவர் முன் விரித்து வையுங்கள். நல்ல ஆலோசகர் எந்தத் திசையில் ஜன்னல் இருக்கிறது, சீலிங் எவ்வளவு உயரம், இந்த ஸ்விட்ச் போர்டை நகர்த்த இன்னும் வழியிருக்கிறதா என்று கேட்கத் தொடங்குவார். டிராயிங்கைத் தள்ளிவைத்துவிட்டுக் கைபேசியில் ஓவியங்களைக் காட்டத் தொடங்குபவராக இருந்தால், வீட்டுக்காரரிடம் உங்கள் தயக்கத்தை அன்றே, அவருக்குப் புரியும்படி காரணத்தோடு சொல்லிவிடுங்கள்.